இருபத்தொன்பது பவுண்டு

கால் செய்கிறவன் நான்.
சத்துவாச்சாரியில் ஆளுயரக் கண்ணாடியும்
பிடித்து நடக்க இரண்டு கம்பியும் போட்ட பட்டறை.
முட்டிக்குக் கீழே, முட்டிக்கு மேலே,
எதுவானாலும் பிசினும் கண்ணாடி இழையும்தான்.
அந்தத் தைரியத்தில்
வில் என்ன பெரிய வில் என்று
தஹ்சீனிடம் சொல்லிவிட்டேன்.
முப்பது பவுண்டு போதும் என்றாள்.

நடுவில் மூங்கில் பட்டை இரண்டு,
முன்னும் பின்னும் கண்ணாடி இழைத் தகடு,
கைப்பிடிக்கு ஒடுகத்தூரில் வாங்கிய வாகைக் கட்டை.
சைக்கிள் டியூபைக் கீறி
அச்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.
பிசின் இறுகச் சூடு வேண்டும்,
பெட்டி செய்து பல்பு போடு என்றார்கள்.
மே மாதம். தகரக் கூரைமேல் ஏற்றி வைத்தேன்.
வேலூருக்கு எதற்குப் பல்பு?

மறுநாள் பிரித்தால்
கைப்பிடி மெலிந்து வில்லின் கையாகும் இடத்தில்
ஒரு வெள்ளை.
நகத்தால் தட்டினேன்.
மற்ற இடமெல்லாம் டிக்.
அங்கே மட்டும் டொக்.
பசை போகவில்லை.
காலில் இப்படி வந்தால் அன்றைக்கே உடைத்துவிடுவேன்,
யோசிக்க மாட்டேன்.
இதை உடைக்க மனம் வரவில்லை.

இன்சுலின் ஊசியில்
தண்ணீராக ஓடும் பசையை ஏற்றி
விளிம்பில் வைத்தேன்.
லேசாக வளைத்தால் இடுக்கு வாய் திறந்து குடிக்கிறது,
விட்டால் மூடிக்கொள்கிறது.
ஆறு முறை குடித்தது.
வெள்ளை மங்கிப் புகையாகி
எள்ளளவில் நின்றது.
அதற்குமேல் குடிக்கவில்லை.
மேலே நூல் சுற்றினேன், நெருக்க நெருக்க,
எள் மட்டும் நூலுக்கு வெளியே.

நாண் ஏற்றினேன்.
மேல்கை ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தது,
யாரோ கூப்பிட்ட மாதிரி.
வலுத்த பக்கத்தைத் தேய்த்தால் நேராகும்.
நான் தேய்த்தது மெலிந்த பக்கத்தை.
இன்னும் நன்றாகத் திரும்பிப் பார்த்தது.
பிறகு அந்தப் பக்கம்:
உப்புத்தாளில் பத்து இழுப்பு, நாண் ஏற்று, பார், இறக்கு,
இன்னும் பத்து.
மின்விசிறியை நிறுத்தியிருந்தேன், தூள் அரிக்கும் என்று.
அரித்தது.
முப்பத்தாறு பவுண்டாகப் பிறந்தது
மீன்காரர் தராசில் முப்பத்திரண்டு காட்டியது.

கால் தளர்ந்தால் ஒரு காலுறை கூடப் போடச் சொல்வேன்.
வில்லுக்குக் காலுறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்தாள்.
வில்லை வாங்கினாள், வலது கையில்.
இடது கை நாணுக்குப் போனது.
அம்பு வைக்கும் படி
எதிர்ப் பக்கத்தில் சும்மா இருந்தது.

இரண்டு வருடம் அவள் தொடையை அளந்திருக்கிறேன்,
மில்லிமீட்டர் கணக்கில்.
எந்தக் கையால் ரசீதில் கையெழுத்துப் போடுகிறாள் என்று
ஒரு தடவை பார்த்ததில்லை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் கேட்டாள்.

வெட்டிய படியில் வாகைத் துண்டை ஒட்டி அடைத்தேன்,
மறுபக்கம் புதிதாக வெட்டினேன்.
கைப்பிடி நடுவில் இளைத்துவிட்டது.
இழைத் துணி நான்கு சுற்று, மேலே பிசின்.
இது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை.
ஒட்டுத் தெரியாமலிருக்க நிறமி கலக்க வேண்டும்,
பட்டறையில் இருந்தது ஒரே டப்பா:
கால் நிறம்.

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு
நூறு முறை நானே இழுத்தேன்.
ஓரங்களை உருட்டி, பூச்சு அடித்து,
கடைசியாகத் தராசில் தொங்கவிட்டேன்.
இருபத்தொன்பது.

விருதம்பட்டுப் பக்கம் பாலாற்று மணலில்
அவள் கொண்டுவந்த கோணிப்பை,
உள்ளே தோல் தொழிற்சாலைக் கழிவு வெட்டுகள்.
கைப்பிடியைத் திருப்பிப் பார்த்து
"என் காலுக்குத் தங்கச்சியா?" என்றாள்.
ஒரு பவுண்டு குறைகிறது என்றேன்.
"நான் சொன்னதே குத்துமதிப்புதான்."

முதல் அம்பு மணலுக்குப் போனது.
இரண்டாவது கோணியில் ஏறியதாம்,
கத்தினாள்.
நான் பார்க்கவில்லை.
இழுக்கும்போதெல்லாம்
அந்த எள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.